பாலாடைக்கட்டியின் கதை – 17: பள்ளத்தாக்கை விட்டுப் போகாத சீஸ்

லண்டன் டவர் கோட்டைக்குள் பீச்சம் கோபுரம் என்று ஒன்று இருக்கிறது. ராஜதுரோகக் குற்றம் சாட்டப்பட்டவர்களை அடைத்து வைத்த இடம். அங்கே கிடந்த கைதிகள் கல்சுவரில் செதுக்கிவிட்டுப் போன பெயர்களும் சின்னங்களும் இன்னும் அழியாமல் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஆடம் செட்பார் என்பவருடையது. பெயர், ஜெர்வோ மடத்தின் தலைவர் என்ற பட்டம், 1537 என்ற ஆண்டு. அவ்வளவுதான். அந்த ஆண்டே டைபர்ன் கொலைக்களத்தில் அவர் உயிர் போயிற்று.

ஒரு சீஸின் கதையில் கொலைக்களத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் வென்ஸ்லிடேல் சீஸின் பூர்வீக வீடு அவருடைய மடம்தான்.

சென்ற வாரம் செடாரைப் பார்த்தோம். சோமர்செட் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் பெயரைத் தாங்கிய அந்தச் சீஸ், ஊரை விட்டுக் கிளம்பி உலகம் முழுவதும் பரவி, கடைசியில் எந்த ஊருக்கும் சொந்தமில்லாமல் போனது. வென்ஸ்லிடேலின் கதை அதற்கு நேர் எதிர். போகச் சொல்லி எத்தனையோ முறை நெருக்கியும் ஊரை விட்டுப் போகாத சீஸ் இது. அதன் இன்றைய வடிவங்களில் அதிகம் பேர் கண்டிருப்பது, வெண்ணிறக் கட்டிக்குள் ரத்தச் சிவப்பில் கிரான்பெரிப் பழங்கள் பதிந்திருப்பது. கிறிஸ்துமஸ் சமயத்தில் இங்கிலாந்தில் எந்தப் பெரிய கடைக்குள் நுழைந்தாலும் அது கண்ணில் படும். சீஸ் பண்டிதர்கள் பலருக்கு அதைக் கண்டாலே முகம் சுளிக்கும். மிட்டாய்க்கடைச் சரக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல, எண்ணூற்றுச் சொச்சம் ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

வடக்கு யார்க்‌ஷயரில், பென்னைன் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கு வென்ஸ்லிடேல். அந்தப் பகுதியில் பள்ளத்தாக்குகளுக்கு அவற்றின் ஊடே ஓடும் ஆற்றின் பெயரை வைப்பதுதான் வழக்கம். இங்கே ஓடுவது யூர் ஆறு. ஆனால் பள்ளத்தாக்குக்கு வென்ஸ்லி என்ற சிற்றூரின் பெயர் ஒட்டிக்கொண்டது. சுண்ணாம்புக் கல் மண், ஓயாத மழை, குறுகிய கோடை. உழுது பயிர் செய்வது கடினம். புல் மட்டும் செழித்து வளரும். புல் வளரும் இடத்தில் மனிதன் பிழைக்க ஒரே வழி, அந்தப் புல்லைத் தின்னும் விலங்கை வளர்ப்பது.

1145இல் அங்கே வந்து சேர்ந்தவர்கள், நார்மண்டியின் சவிஞி மடத்து மரபைச் சேர்ந்த துறவிகள். பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் ஃபோர்ஸ் என்ற இடத்தில் சிறு மடம் கட்டினார்கள். அந்தக் குளிரும் ஈரமும் அவர்களை நிம்மதியாக இருக்கவிடவில்லை. விளைச்சல் கைகொடுக்காத நிலத்தில் பதினோரு ஆண்டுகள் போராடிவிட்டு, 1156இல் ஆற்றின் போக்கிலேயே கீழே இறங்கி, கொஞ்சம் கதகதப்பான இடத்தில் குடியேறினார்கள். யூர் பள்ளத்தாக்கு என்பது பிரெஞ்சு வாயில் ஜெர்வோ ஆயிற்று. இதற்குள் சவிஞி மரபு சிஸ்டர்சியன் சபையோடு இணைந்திருந்தது. அந்தச் சபையின் ஒழுங்கு விலங்கு இறைச்சியை விலக்கியது. உடலுழைப்பைக் கட்டாயமாக்கியது. இறைச்சி கூடாது, ஆனால் நாள் முழுவதும் உழைக்க வேண்டும் என்றால் சீஸை விட நல்ல துணை எது? கம்பளிக்காக வளர்த்த செம்மறி ஆடுகளின் பாலிலிருந்து சீஸ் செய்தார்கள்.

ரோக்ஃபோர் சீஸின் ரகசியத்தை இந்தத் துறவிகள் பிரான்சிலிருந்து எடுத்துவந்தார்கள் என்று ஒரு கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆட்டுப்பால், உள்ளே ஓடும் நீலப் பூஞ்சை நரம்பு என்ற ஒற்றுமைகளை வைத்துக் கட்டிய கதை. ரோக்ஃபோர் பிரான்சின் தென்கோடியில் இருக்கிறது, சவிஞி வடமேற்கில். ஈரமான கல் நிலவறையில் தளர்வான கட்டியை வைத்தால் நீலப் பூஞ்சை தானாகவே பிடிக்கும். அதற்கு ஒருவர் ரகசியம் சுமந்து வர வேண்டியதில்லை.

1536இல் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைக்கத் தொடங்கியபோது இங்கிலாந்தின் வடபகுதி கொதித்தெழுந்தது. 'அருளின் யாத்திரை' என்று அந்தக் கிளர்ச்சிக்குப் பெயர். கிளர்ச்சிக்காரர்கள் ஜெர்வோ மடத்துக்கு வந்து தலைவரையும் தங்களோடு வரச் சொன்னார்கள். செட்பார் பக்கத்து மலையில் போய் ஒளிந்துகொண்டார். மடத்தை எரித்துவிடுவோம் என்ற மிரட்டலுக்குப் பயந்தே இறங்கி வந்ததாகப் பின்னர் விசாரணையில் அவரே சொன்னார். அரசன் அதை ஏற்கவில்லை. தலைவர் கொலைக்களத்துக்குப் போனார், மடம் பறிமுதலானது. கூரையின் ஈயத்தைப் பெயர்த்தார்கள். கட்டடம் இடிந்தது. இன்று அங்கே போனால் புல்வெளி நடுவே உடைந்த சுவர்களும் தூண் அடிகளும்தான்.

கைத்தொழில் மட்டும் இடியவில்லை. மடத்து நிலங்களைச் சுற்றி வாழ்ந்த குடியானவர் வீடுகளில் அது தங்கிவிட்டது. அதைக் காப்பாற்றியவர்கள் பெண்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட எந்தக் கல்லிலும் இல்லை. செட்பாருக்காவது ஒரு சுவர் கிடைத்தது. அடுத்து வந்த நூற்றாண்டுகளில் செம்மறிப் பாலின் இடத்தைப் பசும்பால் மெல்ல மெல்லப் பிடித்தது. வேலை முழுவதும் சமையலறையிலும் அதை ஒட்டிய பால் அறையிலும் நடந்தது. கன்றின் உலர்ந்த இரைப்பையை ஊறவைத்த நீரால் பாலைத் திரிப்பார்கள். திரளை வெட்டி, நீரை வடித்து, துணியில் கட்டி, கல் ஏற்றிய அழுத்துப் பலகையின் கீழ் வைப்பார்கள். பிறகு உப்புநீரில் நாட்கணக்கில் ஊறும். அதன்பின் அலமாரியில் வைத்து, தினமும் திருப்பிப் போட்டு, மாதக்கணக்கில் காவல் இருக்க வேண்டும். மே மாதம் முதல் இலையுதிர் காலம் வரை மாடுகள் பசும்புல் மேயும் நாட்களில் செய்ததெல்லாம் அக்டோபரில் டீஸ் ஆற்றங்கரையின் யார்ம் ஊர்ச் சந்தைக்குப் போகும். வென்ஸ்லிடேல் என்ற பெயரே சீஸுக்கு 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைத்தது.

1878இல் ஹாஸ் என்ற ஊர் வரை ரயில் வந்தது. ரயில் வந்தால் வியாபாரம் பெருகும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் சீஸுக்கு அது போட்டியாளனையும் கூட்டி வந்தது. கறந்த பாலை அப்படியே நகரத்துக்கு அனுப்பிப் பணம் பார்க்க முடியும் என்றால், ஆறு மாதம் அலமாரியைக் காப்பவர் எத்தனை பேர் இருப்பார்கள்? 1897இல் எட்வர்ட் சாப்மன் என்ற ஹாஸ் ஊர் மளிகை, தானிய வணிகர் சுற்றுப்புறப் பண்ணைகளின் பாலை வாங்கி ஒரே கூரையின் கீழ் சீஸ் செய்யத் தொடங்கினார். வீட்டுத் தொழில் ஆலைத் தொழிலாக மாறிய முதல் அடி அது. உப்புநீர்த் தொட்டியில் ஊறவைப்பது போய், திரளிலேயே உப்பைத் தூவிப் பிசையும் முறையும் அதே காலத்தில்தான் வந்தது. அன்றும், பழைய முறை கெட்டது என்று வருந்தியவர்கள் இருந்திருப்பார்கள்.

1930களின் பொருளாதார மந்தம் அந்த ஆலையைக் கடனில் தள்ளியது. பால் கொடுத்த விவசாயிகளுக்குப் பாக்கி நின்றது. 1933இல் உருவான பால் விற்பனை வாரியம், பாலைப் பள்ளத்தாக்குக்கு வெளியே இருக்கும் பெரிய நிறுவனத்துக்கு அனுப்பிவிடுவதே நல்லது என்று கருதியது. 1935இல் ஹாஸ் நகர மன்றத்தில் விவசாயிகளின் கூட்டம் ஒன்றைக் கூட்டினார் கிட் கால்வர்ட். கல்லுடைக்கும் தொழிலாளியின் மகன். கையில் பெரிய காசு கிடையாது. பேச்சும் பிடிவாதமும் உண்டு. ஊர்க்காரர்கள் பங்குப் பணம் போட்டு ஆலையைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். இந்த மனிதரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் நகர முடியவில்லை. பிற்காலத்தில் ஹாஸில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். புதிய ஏற்பாட்டின் சில பகுதிகளைத் தன் ஊர்ப் பேச்சுமொழியிலேயே பெயர்த்து எழுதினார். இங்கே பேசும் மொழியும் செய்யும் சீஸும் அவருக்கு ஒரே உடைமை.

போர் வந்தது. பாலும் சீஸும் உணவு அமைச்சகத்தின் கட்டுப்பாட்டுக்குள் போயின. ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ் அளவில் பங்கிட்ட காலம் அது. இன்னும் குறைந்த வாரங்களும் உண்டு. வெட்டினால் சிந்தாத, சேமித்தால் கெடாத, உலர்ந்த கட்டிதான் அரசுக்குத் தேவைப்பட்டது. நீல நரம்போடிய, மென்மையான, பொறுமை கேட்கும் வென்ஸ்லிடேல் அதற்கு ஒத்துவரவில்லை. 1954இல் ரேஷன் முடிந்தபோது ஒரு தலைமுறையே அதன் சுவையை மறந்திருந்தது. வீட்டில் செய்யும் பண்ணைகள் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கிட்டத்தட்ட மறைந்துவிட்டன. அப்போது முதல் வென்ஸ்லிடேல் என்றால் வெள்ளை. சில வாரங்களே பதப்பட்டது. மெல்லிய புளிப்பும், பின்னால் தேன் போன்ற இனிப்பும், விரல்பட்டால் உதிரும் தன்மையும் கொண்டது. 1945இல் ஜார்ஜ் ஆர்வெல் இங்கிலாந்துச் சமையலுக்காக வாதாடி எழுதிய கட்டுரையில், ஸ்டில்டனுக்கு முதலிடம் கொடுத்து, வென்ஸ்லிடேலை அதற்கு வெகு அருகில் வைத்தார். அவர் நாவில் இருந்தது பெரும்பாலும் போருக்கு முந்தைய நினைவாகத்தான் இருக்கும்.

ஆக, இன்றைய பண்டிதர்கள் 'அசல்' என்று கொண்டாடும் வெள்ளைக் கட்டிகூடப் போர் விட்டுச்சென்ற வடிவம். ஆட்டுப்பால் பசும்பாலானது, உப்புநீர் உலர் உப்பானது, சமையலறை ஆலையானது, நீலம் வெள்ளையானது. மாறாதவை இரண்டுதான். அந்தப் புல், அந்த மனிதர்கள்.

அந்த இரண்டாவதையும் பறிக்கும் நாள் 1992இல் வந்தது. கால்வர்ட் 1966இல் ஆலையைப் பால் விற்பனை வாரியத்துக்கு விற்றிருந்தார். அது பிறகு டெய்ரி கிரெஸ்ட் நிறுவனத்தின் கைக்குப் போனது. 1992 மே மாதம் நிறுவனம் ஆலையை மூடியது. 59 பேருக்கு வேலை போயிற்று. அந்தச் சின்னப் பள்ளத்தாக்கில் 59 வேலை என்பது எத்தனை அடுப்புகள் என்று எண்ணிப் பாருங்கள். அதைவிடவும் சுட்டது இன்னொன்று. வென்ஸ்லிடேலை இனிமேல் லாங்ரிட்ஜில் செய்வோம் என்றார்கள். லாங்ரிட்ஜ் இருப்பது லங்காஷயரில். வெள்ளை ரோஜாவும் சிவப்பு ரோஜாவுமாக யார்க் வம்சமும் லங்காஸ்டர் வம்சமும் 15ஆம் நூற்றாண்டில் மோதிய போர் முடிந்து ஐந்நூறு ஆண்டுகள் ஆகியிருக்கலாம். கிரிக்கெட் மைதானத்தில் அது இன்னும் முடியவில்லை. யார்க்‌ஷயரின் சீஸை லங்காஷயரில் செய்வதா என்ற கோபம் நாளிதழ்கள் வரை போனது.

ஆறு மாதம் கழித்து, நவம்பரில், ஆலையின் முன்னாள் மேலாளர்கள் சிலரும் ஜான் கிப்சன் என்ற உள்ளூர் தொழிலதிபரும் சேர்ந்து ஆலையை விலைக்கு வாங்கினார்கள். பழைய தொழிலாளர்கள் 11 பேரோடு கொப்பரை மறுபடி சூடானது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்பே ஹாஸில் வென்ஸ்லிடேல் மீண்டும் பிறந்துவிட்டது.

செய்துவிட்டால் போதுமா, விற்க வேண்டாமா? 1994இல் பார்வையாளர்களுக்கான கூடம் திறந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் திரளைக் கிளறுவதை ஊர் பார்க்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அதிர்ஷ்டமும் ஒரு களிமண் பொம்மையின் உருவில் வந்தது. வாலஸ் – குரோமிட் அனிமேஷன் படங்களில் வரும் வாலஸுக்குச் சீஸ் என்றால் உயிர். 1995இல் வெளியான 'எ குளோஸ் ஷேவ்' படத்தில், சீஸே தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லும் பெண்ணிடம், வென்ஸ்லிடேலுமா என்று அவன் நெஞ்சொடிந்து கேட்பான். அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது பொம்மையின் வாய் அகலமாக விரிவது அழகாக இருந்ததால்தான் அதைத் தேர்ந்தெடுத்ததாக இயக்குநர் நிக் பார்க் சொல்லியிருக்கிறார். அவர் பிறந்தது லங்காஷயரின் பிரஸ்டனில். லாங்ரிட்ஜுக்குப் பக்கத்து ஊர்.

கிரான்பெரி கலந்த கட்டி சந்தையைப் பிடித்ததும் இந்த 1990களில்தான். கிரான்பெரி வட அமெரிக்கச் சதுப்பு நிலத்தின் பழம். பச்சையாகக் கடித்தால் பல் கூசும் புளிப்பு. சர்க்கரைப் பாகில் ஊறவைத்து உலர்த்தினால் திராட்சை வற்றல் போலச் சுருங்கி இனிக்கும். அப்படி உலர்த்திய பழம் எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய காலமும் அதுவே. சீஸுக்குள் புதுப்பழம் சேராது. அதன் நீர் கட்டியைக் குழைத்துவிடும்; பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். உலர்ந்த பழமே ஏற்றது.

செய்முறை கேட்பதற்கு எளியது. முதலில் வழக்கமான வெள்ளை வென்ஸ்லிடேல். ஒரு கிலோ சீஸுக்கு ஏறத்தாழ 10 லிட்டர் பால். சில வாரம் பதப்பட்ட இளங்கட்டியை எடுத்து மறுபடி உதிர்த்து, பழத்தைக் கலந்து, அச்சில் இட்டு இறுக்க அழுத்துவார்கள். உதிரும் தன்மை உள்ள சீஸுக்கு இது இயல்பாக வாய்க்கும். முற்றிய செடாரின் காரமும் உப்பும் பழத்தை அமுக்கிவிடும். வென்ஸ்லிடேல் தன் மெல்லிய புளிப்போடு பழத்துக்கு இடம் விட்டு நிற்கும். பழம் போலவே இஞ்சிப்பாகுத் துண்டுகள் சேர்த்த வகையும் உண்டு.

பழமும் மசாலாவும் சீஸோடு சேர்வது சந்தைக்காரர்களின் புதுக் கண்டுபிடிப்பு என்பவர்கள் யார்க்‌ஷயர் வீட்டுப் பழக்கத்தை மறந்துவிட்டார்கள். ஆப்பிள் பையோடு ஒரு துண்டுச் சீஸ் இல்லாவிட்டால், முத்தம் உண்டு அணைப்பு இல்லை என்பது அந்த ஊர்ச் சொலவடையின் சாரம். உலர்பழங்கள் நிறைந்த கிறிஸ்துமஸ் கேக்கின் மேல் வென்ஸ்லிடேலை வைத்துச் சாப்பிடுவது இன்றும் அங்கே வழக்கம். அதற்கும் முன்னால், கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் யூல் சீஸ் என்று ஒரு முழுக்கட்டியை மேசையில் வைப்பார்கள். வீட்டுத் தலைவர் அதன் மேல் கத்தியால் சிலுவை கீறுவார். பிறகுதான் வெட்டுவார்கள். கூடவே இஞ்சியும் மசாலாவும் சேர்ந்த பெப்பர் கேக். ஒரே தட்டில் பாலும் பழமும் மசாலாவும் நூற்றாண்டுகளாக இருந்தன. 1990களில் நடந்தது, தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை ஒன்றுக்குள் ஒன்று போனதுதான்.

கட்டிக்குள்ளேயே கலப்பதும் புதிதல்ல. டார்பிஷயரில் சேஜ் இலையின் பச்சைச் சாற்றைத் திரளில் சேர்த்து அறுவடைக்கும் கிறிஸ்துமஸுக்கும் சேஜ் டார்பி செய்தது 17ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் மரபு. கடலுக்கு அப்பால் நெதர்லாந்தின் லைடன் சீஸில் சீரகம். ஃப்ரீஸ்லாந்துச் சீஸில் கிராம்பு. 1962இல் சோமர்செட்டின் இல்செஸ்டர் ஊர் ஹோட்டல்காரர் ஒருவர் மிஞ்சிய செடாரை பீரோடு பிசைந்து விருந்தினருக்குப் பரிமாறியதிலிருந்து நவீன கலப்புச் சீஸ் வியாபாரம் இங்கிலாந்தில் சூடு பிடித்தது. ஸ்டில்டனின் நீலமில்லாத தம்பியான வெள்ளை ஸ்டில்டனும் இந்த வழியில்தான் பிழைத்துக்கொண்டது. டார்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களில் மட்டுமே செய்யலாம் என்று 1996 முதல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற சீஸ் அது. தனியாக வாங்குவோர் குறைவு. ஏப்ரிகாட் சேர்த்ததும், மாம்பழமும் இஞ்சியும் சேர்த்ததும்தான் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தன.

பண்டிதர்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. பழத்தின் இனிப்பு, சுவையற்ற கட்டியையும் மறைத்து விற்க உதவும். சர்க்கரை தூக்கலாக, சீஸ் பெயருக்கு மட்டும் இருக்கும் சரக்கு சந்தையில் ஏராளம். அதற்குப் பழத்தின் மேல் பழி போடுவது சரியல்ல. கட்டி நன்றாக இருந்தால் பழம் அதை உயர்த்தும்.

2013இல் 'யார்க்‌ஷயர் வென்ஸ்லிடேல்' என்ற பெயருக்குப் புவிசார் பாதுகாப்புக் கிடைத்தது. அந்தப் பெயரில் விற்கும் சீஸைப் பள்ளத்தாக்கில்தான் செய்ய வேண்டும். ஆனால் வெறும் 'வென்ஸ்லிடேல்' என்ற பெயருக்கு அந்தக் காவல் இல்லை. யாரும் எங்கும் செய்து அப்படி எழுதலாம், செய்கிறார்கள். 2021இல் ஹாஸ் ஆலையைக் கனடாவின் சபூட்டோ நிறுவனம் 2 கோடியே 30 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. ஆலை நகரவில்லை. பால் இன்றும் சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்து ஹாஸுக்கே வருகிறது.

உங்கள் உறவினர் யாராவது இங்கிலாந்திலிருந்து வரும்போது இந்தச் சிவப்புப் புள்ளிச் சீஸை வாங்கி வருவதாகச் சொன்னால், உறையில் 'யார்க்‌ஷயர்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: ஸ்டில்டன் ஊரில் ஸ்டில்டன் செய்யக் கூடாது என்ற சட்டம்)